மார்க்கிங் புளூ: எதை வாங்கலாம், எவ்வளவு பூசலாம்

கோவை டாக்டர் நஞ்சப்பா சாலையிலோ சென்னை லிங்கிச் செட்டித் தெருவிலோ ஒரு டூல்ஸ் கடையில் ‘மார்க்கிங் புளூ’ என்று மட்டும் கேட்டால், கைக்கு வருவது இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, பாட்டிலில் வரும், ஸ்பிரிட் வாடை அடிக்கும் நீலத் திரவம். இன்னொன்று, சின்ன டியூபிலோ தட்டை டப்பாவிலோ வரும் கெட்டிக் களிம்பு. திரவம் லேஅவுட் வேலைக்கு: ஜாப் (வேலை செய்யப்படும் துண்டு) மீது அடித்து, காயவிட்டு, ஸ்கிரைபரால் கோடு கிழிப்பதற்கு. காய்ந்தால்தான் அது பயன்படும். களிம்புதான் பொருத்தம் பார்ப்பதற்கு. அது காயவே கூடாது. ஒரு முகத்தில் பூசி எதிர் முகத்தோடு சேர்த்து எடுத்தால், தொட்ட இடத்தில் மட்டும் நிறம் ஒட்ட வேண்டும். டைகெம் என்ற பிராண்டின் பெயரிலேயே இரண்டும் வருகின்றன. ‘ஸ்டீல் புளூ’ கோடு கிழிக்க, ‘ஹை-ஸ்பாட் புளூ’ பொருத்தம் பார்க்க. ஆன்லைனில் வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்த்து ஆர்டர் போடாமல் பெயரைப் படித்துப் போடுங்கள். இங்கே பேசப்போவது களிம்பைப் பற்றி மட்டும்.

புளூவை எடைபோட விலையும் பிராண்டும் உதவாது. நிறமி எவ்வளவு நைசாக அரைபட்டிருக்கிறது, எவ்வளவு மெல்லிசாக நீள்கிறது, அப்படி நீண்ட பிறகும் கண்ணுக்குத் தெரிகிறதா, எவ்வளவு நேரம் அதே பதத்தில் நிற்கிறது: இவைதான் கேள்விகள். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் டீஸ்பாக் என்ற சாயக்காரர் கையில் தற்செயலாகப் பிறந்த பிரஷ்யன் புளூ, இன்றுவரை மெஷின் ஷாப்பில் நிற்பதற்குக் காரணம் மூன்றாவது கேள்விக்கு அது தரும் பதில். அதன் நிறச் செறிவு அவ்வளவு அதிகம். ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) படலமாக இழுத்தாலும் வார்ப்பிரும்பின் சாம்பல் நிறத்தின் மேல் தெளிவாகத் தெரியும்.

கடையிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஒரு கண்ணாடித் துண்டில் குண்டூசித் தலை அளவு புளூ வைத்து விரலால் நன்றாகத் தேயுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வண்ணக் காகிதம் ஒட்டியதுபோல ஒரே சீராகத் தெரிய வேண்டும். புள்ளி புள்ளியாகக் கருநீலத் திட்டு தெரிந்தாலோ, விரலில் நறநறவென்று பட்டாலோ வாங்காதீர்கள். அந்த நறநறப்பு மாஸ்டருக்கும் (சரி என்று வைத்து ஒப்பிடும் மாதிரி முகம்) ஜாபுக்கும் நடுவே போய் உட்கார்ந்தால், உலோகம் உலோகத்தைத் தொடாமலே புளூ ஒட்டும்.

பூசும் அளவு

வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். கணக்குப் போட்டே பார்க்கலாம். 5 மி.மீ. குறுக்களவுள்ள ஒரு மிளகின் கன அளவு சுமார் 65 கன மி.மீ. 300×300 மி.மீ. சர்ஃபேஸ் பிளேட்டின் (சமதளம் ஒப்பிடும் பலகை) பரப்பு 90,000 சதுர மி.மீ. மிளகளவு புளூவை அதில் சீராகப் பரப்பினால் படலத்தின் தடிப்பு ஏறக்குறைய முக்கால் மைக்ரான். 7 மி.மீ. பட்டாணி அளவு எடுத்தால் 2 மைக்ரான். டியூபை ஒரு அங்குல நீளத்துக்குப் பிதுக்கித் தேய்த்தால் 8 மைக்ரானுக்குப் போய்விடும். கை ஸ்கிரேப்பர் (உலோக முகத்தைச் சீவிச் சமமாக்கும் கருவி) ஒரு இழுப்பில் சீவி எடுப்பதே சில மைக்ரான்தான். 8 மைக்ரான் புளூ பூசினால், 8 மைக்ரான் பள்ளத்தில் இருக்கிற இடமும் ‘தொடுகிறேன்’ என்று காட்டும். நீங்கள் மேட்டைச் சீவுவதாக நினைத்துப் பள்ளத்தை இன்னும் பள்ளமாக்குவீர்கள்.

ஆரம்பத்தில், மெஷினிங் கோடுகள் அழியாத நிலையில், பட்டாணி அளவு சரி. ஜாபில் ஒட்டும் நீலப் புள்ளிகள் நெருங்க நெருங்கக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கடைசிச் சுற்றுகளில் புதிதாகப் புளூ வைக்கவே வேண்டாம். ரோலரில் மிச்சம் இருப்பதை மறுபடி உருட்டினால் போதும். பிளேட்டைச் சாய்வாகப் பார்த்தால் படலத்தின் ஊடே அடியில் உள்ள கல்லோ இரும்போ தெரிய வேண்டும். தெரியாமல் கருநீலமாக மூடிக்கொண்டிருந்தால் அதிகம். பனியன் துணியால் ஒரு தடவை துடைத்து எடுத்துவிட்டு மறுபடி பரப்புங்கள்.

பரப்புவதற்கு, ஓவியப் பொருள் கடையில் லினோ பிரிண்டிங்குக்கு விற்கும் 4 அங்குல ரப்பர் ரோலர் மிகவும் நல்லது. நீளவாக்கில், குறுக்குவாக்கில், மூலைவாட்டில் என்று மூன்று திசையிலும் உருட்ட வேண்டும். ரோலர் இல்லாவிட்டால் சுத்தமான உள்ளங்கை. கையால் தேய்ப்பதில் ஒரு லாபம் உண்டு: ஒரே ஒரு இரும்புத் துகள் கிடந்தாலும் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். பிரஷ் வேண்டாம், மயிர் உதிரும், கோடு கோடாகத் தடிப்பு மாறும். பனியன் வேஸ்டால் தேய்ப்பதும் வேண்டாம், நூல் ஒட்டிக்கொள்ளும். துணி துடைப்பதற்கு மட்டும்.

எந்தப் புளூ

எண்ணெய் அடிப்படையில் டியூபில் வருபவை பெரும்பாலான பட்டறைக்குப் போதும். பெர்மாடெக்ஸ் பிரஷ்யன் புளூ 22 மி.லி. டியூபில் வருகிறது, டைகெம் ஹை-ஸ்பாட்டும் அதே ரகம், காயாத பசை. மேலே சொன்ன மிளகுக் கணக்கில் 22 மி.லி. என்பது 300 தடவைக்கு மேல். துடைத்து வீணாவதைக் கழித்தாலும் சின்னப் பட்டறைக்கு ஒரு டியூப் பல வருடம் ஓடும். அதனால் இதில் பத்து ரூபாய் மிச்சம் பார்ப்பதில் அர்த்தமில்லை. அரைப்பு இரண்டிலும் நைஸ். இரண்டில் எது என்று கேட்டால், கடையில் எது புதிதாக இருக்கிறதோ அது. நாள்பட்ட டியூபைத் திறந்ததும் வெறும் எண்ணெய் மட்டும் வடிந்தால், நிறமி உள்ளே தங்கிவிட்டது என்று பொருள். மூடியை இறுக்கிக்கொண்டு டியூபை விரல்களால் நன்றாகப் பிசைந்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். பசை மிகவும் இறுகியிருந்தால், கண்ணாடியின் மேல் வைத்து ஒரே ஒரு சொட்டு மெல்லிய ஸ்பிண்டில் ஆயில் விட்டுக் குழைத்துக்கொள்ளலாம். கிரீஸ் சேர்க்காதீர்கள், படலம் தடிக்கும்.

ஸ்டூவர்ட்ஸ் மைக்ரோமீட்டர் புளூ பிரிட்டனில் தலைமுறைகளாகப் புழங்குவது, தட்டை டப்பாவில் வருவது. நிறம் ஆழம், பதம் அருமை. டப்பாதான் சங்கடம். திறக்கும்போதெல்லாம் வாய் முழுவதும் திறந்து கிடக்கும். பக்கத்தில் கிரைண்டர் ஓடினால் ஒரு வாரத்தில் மேல் படலம் முழுக்கத் தூள். டப்பா வாங்கினால் விரலை விடாமல், சுத்தமான தகட்டுத் துண்டால் எடுத்துக்கொண்டு உடனே மூட வேண்டும். இதைக் கண்டிப்பாகச் செய்ய முடியாத பட்டறைக்கு டியூப்தான்.

கேனோடு என்பது வேறு ரகம். தண்ணீரில் கழுவினால் போய்விடும்; அமெரிக்காவில் ஸ்கிரேப்பிங் செய்கிறவர்கள் பலர் இதற்கு மாறிவிட்டார்கள். நீலத்தோடு மஞ்சளும் கிடைப்பது பெரிய வசதி: ஜாபின் முகத்தில் மஞ்சளை மிக மெல்லிசாகத் தேய்த்துவிட்டு, மாஸ்டரில் நீலம் பூசிப் பதித்தால், மஞ்சள் பின்னணியில் நீலம் பளிச்சென்று தெரியும். சீவிச் சீவி மின்னுகிற முகத்தில் கண் கூசுவதும் குறையும். ஆனால் நம் ஊர் சித்திரை வெயிலில், தகரக் கூரைக்கு அடியில், தண்ணீர் சேர்ந்த எந்தக் களிம்பும் பிளேட்டில் சீக்கிரம் இறுகும். ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் வைத்துக்கொண்டு, லேசாகத் தெளித்து மறுபடி உருட்டினால் உயிர் வரும். வேலை முடிந்ததும் வார்ப்பிரும்புப் பிளேட்டை ஈரத்தோடு விடக்கூடாது. உலர்த்தி எண்ணெய் தடவ வேண்டும். தினமும் ஸ்கிரேப்பிங் நடக்கும் இடத்துக்கு இது நல்ல முதலீடு. மாதம் ஒரு தடவை டேப்பர் (கூம்புப் பொருத்தம்) பார்க்கிற லேத் ஷாப்புக்குத் தேவையில்லை.

பெயர் இல்லாமல் உதிரியாக விற்கும் புளூ டப்பாக்களும் உண்டு. சில நன்றாகவே இருக்கின்றன. கண்ணாடிச் சோதனை செய்யாமல் வாங்க வேண்டாம் என்பதே பதில். சிலர் ஓவியர்கள் பயன்படுத்தும் பிரஷ்யன் புளூ ஆயில் கலர் டியூபை வாங்கி ஓட்டுகிறார்கள். அரைப்பு அதில் மிகவும் நைஸ்தான், ஆனால் லின்சீட் ஆயிலில் குழைத்தது. காற்றுப் பட்டால் சில நாளில் காய்ந்து தோலாகப் படியும். அன்றைக்கே பூசி அன்றைக்கே துடைத்துவிடுவதாக இருந்தால், கொஞ்சம் மெஷின் ஆயில் கலந்து சமாளிக்கலாம். சர்ஃபேஸ் பிளேட்டில் இரவு முழுவதும் விட்டுவைக்காதீர்கள்.

வெள்ளைத் துணிக்குப் போடும் நீலப் பொடியை எண்ணெயில் குழைத்துப் பயன்படுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். அது பிரஷ்யன் புளூ அல்ல; அல்ட்ராமரீன். துகள் கடினமானது, நிறச் செறிவு குறைவு. கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் தடிப்பாகப் பூச வேண்டியிருக்கும், பூசினால் அது தேய்ப்புத் தூள் வேலையையும் சேர்த்துச் செய்யும்.

ஸ்கிரேப்பிங்கில் புளூவைப் படிப்பது

புளூ எப்போதும் மாஸ்டர் மீது. பிளேட்டிலோ ஸ்ட்ரெய்ட் எட்ஜிலோ (நேர்விளிம்புச் சட்டம்) பூசி, ஜாபை அதன் மேல் மெதுவாக இறக்கி, 25 முதல் 50 மி.மீ. வரை நகர்த்தி, நேராகத் தூக்க வேண்டும். அழுத்தாதீர்கள், ஜாபின் சொந்த எடையே போதும். இறக்குவதற்கு முன் ஜாபின் ஓரங்களில் பிசிர் இல்லாமல் ஆயில் ஸ்டோனால் தேய்த்துவிடுங்கள்.

தூக்கிப் பார்த்தால் மூன்று விதமான அடையாளம் தெரியும். நடுவில் பளபளவென்று உலோகம் மின்ன, அதைச் சுற்றி நீல வளையம்: இதுதான் மிக உயரமான மேடு. எடை இங்கே உட்கார்ந்து புளூவைப் பிதுக்கி வெளியே தள்ளியிருக்கிறது. அடுத்தது, வளையம் இல்லாத கெட்டி நீலத் திட்டு. மேட்டுக்கு ஒரு படி கீழே. மூன்றாவது, பட்டும் படாமலும் வெளிர் நீலம். படலத்தை மட்டும் தொட்டிருக்கிறது. புதிதாகக் கற்கிறவர்கள் கருநீலம் தெரிகிற இடத்தையெல்லாம் சீவிவிடுகிறார்கள், மின்னுகிற புள்ளியை ‘புளூ இல்லாத இடம்’ என்று விட்டுவிடுகிறார்கள். நேர்மாறாகச் செய்ய வேண்டும். முதலில் வளையத்துக்குள் மின்னுவது போக வேண்டும், பிறகு கெட்டி நீலம். வெளிர் நீலத்தைத் தொடவே கூடாது.

25×25 மி.மீ. சதுரத்துக்குள் எத்தனை புள்ளி என்று எண்ணுவது வழக்கம். போல்ட் போட்டு இறுக்கும் முகத்துக்கு 6 முதல் 10, லேத் சேடில் மாதிரி ஓடுகிற முகத்துக்கு 10 முதல் 20, மாஸ்டர் பிளேட்டுக்கும் கருவிகளுக்கும் அதற்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணிக்கையோடு பரவலையும் பாருங்கள். நான்கு மூலையிலும் 15 இருந்து நடுவில் 4 இருந்தால் அந்த முகம் சரியில்லை.

புளூவை மட்டும் நம்பக்கூடாத இடம் இது. லேசாகக் குழிந்த ஜாபும் லேசாகப் புடைத்த ஜாபும், நகர்த்தி எடுக்கும்போது ஏறக்குறைய ஒரே மாதிரி நிறம் காட்டக்கூடும். அதனால் ஒவ்வொரு பதிப்புக்கும் முன் ஜாபின் ஒரு முனையை ஒற்றை விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். நடுவை மையமாக வைத்துப் பம்பரமாகச் சுற்றினால் நடு மேடு. மறுமுனையை மையமாக வைத்துத் திரும்பினால் முனைகள் மேடு. நீளத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் உள்ளே தள்ளி ஒரு புள்ளியில் கீல் போட்டதுபோலத் திரும்பினால், இரு முனையிலும் அப்படியே நடந்தால், முகம் சரிவர உட்கார்ந்திருக்கிறது. இதற்கு ஒரு நொடிதான் ஆகும். இதைச் செய்யாமல் நாள் முழுக்கச் சீவுவது வீண்.

சூடு இன்னொரு எதிரி. வார்ப்பிரும்பு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய 11 மைக்ரான் நீளும். ஒரு மீட்டர் நீளம், 100 மி.மீ. உயரமுள்ள ஸ்ட்ரெய்ட் எட்ஜின் மேல்பக்கம் அடிப்பக்கத்தைவிட ஒரே ஒரு டிகிரி சூடாக இருந்தால், அது ஏறக்குறைய 14 மைக்ரான் வில்லாக வளையும். ஒரு மைக்ரான் படலம் பூசி 14 மைக்ரான் வளைவை அளந்துகொண்டிருப்போம். வெயில் விழும் ஜன்னலோரம் பிளேட் போடாதீர்கள். கையால் பிடித்துச் சீவிய ஜாபைப் பிளேட்டின் பக்கத்திலேயே ஆறவிடுங்கள். ஸ்ட்ரெய்ட் எட்ஜைக் கைப்பிடியைத் தவிர வேறெங்கும் தொடாதீர்கள். மதியம் பார்த்த புள்ளிகள் காலையில் பார்க்கும்போது மாறியிருந்தால் புளூவைக் குறை சொல்ல வேண்டாம்.

டேப்பர்

மோர்ஸ் டேப்பர் ஸ்லீவ், டெயில்ஸ்டாக் குயில், டிரில்லிங் மெஷின் ஸ்பிண்டில் ஆகியவற்றுக்குப் புளூ பார்ப்பதுதான் சின்னப் பட்டறைகளில் அதிகம் நடக்கிறது. ஆண் டேப்பர் (உள்ளே செருகும் கூம்பு) முழுவதும் பூச வேண்டாம். நீளவாக்கில், 120 டிகிரி இடைவெளியில், மூன்று கோடு மட்டும் மெல்லிசாக இழுங்கள். இரண்டு பக்கமும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்திருக்க வேண்டும். நேராகச் செருகி, லேசாக அழுத்தி, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, நேராக வெளியே எடுங்கள். முழுச் சுற்றுச் சுற்றினால் எங்காவது ஒரு இடத்தில் தொட்டதுகூட சுற்றிலும் பூசிக்கொண்டு ‘முழுப் பொருத்தம்’ என்று பொய் சொல்லும்.

கோடுகள் முழு நீளத்துக்கும் கலைந்திருந்தால் நல்லது. பெரிய முனையில் மட்டும் கலைந்தால் ஆண் டேப்பரின் கோணம் அதிகம். சின்ன முனையில் மட்டும் என்றால் கோணம் குறைவு. மூன்று கோட்டில் ஒன்று மட்டும் கலையாமல் இருந்தால் வட்டம் சரியில்லை, அல்லது உள்ளே ஒரு அடிபட்ட மேடு ஜாபைத் தள்ளிப் பிடிக்கிறது. பழைய ஸ்லீவ்களில் வாய்ப்பகுதி தேய்ந்து விரிந்திருப்பது சகஜம். அங்கே புளூ தொடாமல் நடுவிலும் அடியிலும் தொடும். அதற்காக ஆண் டேப்பரைக் கடைந்து சரிசெய்யப் போகாதீர்கள், குற்றம் ஸ்லீவில்.

இங்கேயும் தடிப்பு எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்று பாருங்கள். 80 மி.மீ. நீளமுள்ள டேப்பரில் 20 மைக்ரான் தடிப்பாகப் பூசினால், ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 50 விநாடி கோணப் பிழை இருந்தாலும் முழு நீளமும் ஒட்டும். 2 மைக்ரான் பூசினால் 5 விநாடிப் பிழையே வெளியே தெரியும். சாதாரண டிரில்லுக்கு ஏறக்குறைய 75 சதவீதத் தொடர்பு இருந்தால் ஓடும். மெஷின் ஸ்பிண்டிலுக்கு இன்னும் அதிகம் வேண்டும். குறைகிற இடம் சின்ன முனைப் பக்கமாக இருக்கலாம், பெரிய முனைப் பக்கம் இருக்கக்கூடாது. கப்பல் புரொப்பல்லரைச் சாவி (ஷாஃப்டில் வழுக்காமல் பிடிக்கும் கட்டை) இல்லாமல் ஷாஃப்டின் டேப்பரில் ஏற்றும்போது, கப்பல்களுக்குத் தரச் சான்று தரும் வகைப்படுத்தும் சங்கங்களின் பொது விதி குறைந்தது 70 சதவீதத் தொடர்பு கேட்கிறது. அதோடு, சுற்றளவு முழுவதும் வளையமாகவோ, நீளம் முழுவதும் பட்டையாகவோ தொடாத இடம் இருந்தால் ஏற்பதில்லை. சின்ன வேலைக்கும் இதே கண்ணோடு பார்க்கலாம்: மொத்தம் எத்தனை சதவீதம் என்பதைவிட, தொடாத இடம் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பது முக்கியம்.

வால்வு சீட்

எஞ்சின் வால்வு முகத்தில் மிக மெல்லிசாகப் பூசி, கைடு (வால்வுத் தண்டு ஓடும் குழல்) வழியாக இறக்கி, விரலால் லேசாக அழுத்தி எடுங்கள். சுற்ற வேண்டாம். சீட்டில் 360 டிகிரியும் நீலம் விழுந்தால் கைடும் சீட்டும் ஒரே மையத்தில் இருக்கின்றன. அரைவட்டம்தான் விழுகிறது என்றால் வால்வை வைத்துக் கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்துப் பயனில்லை; கைடு ஆட்டத்தையும் ஸ்டெம் வளைவையும் முதலில் பாருங்கள். வளையம் வால்வு முகத்தின் நடுவில் இருக்க வேண்டும். 45 டிகிரி சீட்டில் வளையம் மேலே ஏறியிருந்தால் 30 டிகிரி கட்டர், கீழே இறங்கியிருந்தால் 60 டிகிரி கட்டர், பிறகு 45-ஐ ஒரு சுற்று. பேஸ்ட் போட்டுத் தேய்த்த பிறகு பார்ப்பதாக இருந்தால் பேஸ்டைச் சுத்தமாகக் கழுவிவிட்டுத்தான் புளூ.

கிரவுன் வீல், பினியன்

வண்டியின் டிஃபரன்ஷியலில் சேர்ந்து ஓடும் பெரிய, சின்னப் பற்சக்கரங்கள் இவை. இதற்கு மட்டும் புளூவை விட மஞ்சள் கியர் மார்க்கிங் களிம்பு மேல். வெப்பப் பதனம் செய்த பல் கருமையாக இருக்கும். நீலம் அதில் மங்கும். மஞ்சள் களிம்பு கொஞ்சம் தடிப்பாகவும் இருப்பதால் பல்லில் வழியாமல் நிற்கும். சென்னை ஜி.பி. சாலை மாதிரி ஆட்டோ பார்ட்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பழைய பட்டறைகளில் ரெட் லெட் பொடியை எண்ணெயில் குழைத்துப் பூசும் வழக்கம் இன்னும் இருக்கிறது. நிறம் நன்றாகத் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் அது ஈயம். நகக்கண்ணில் தங்கி, சாப்பாட்டுக் கையோடு உடம்புக்குள் போகும். மாற்று இருக்கும்போது அதை விட்டுவிடுங்கள்.

பினியன் பேரிங் பிரீலோடும் (முன்னழுத்தம்), கம்பெனி சொன்ன பேக்லாஷும் (பற்களுக்கு இடையே விடும் ஆட்டம்) செட் செய்த பிறகுதான் களிம்பு. கிரவுன் வீலில் 8 அல்லது 10 பல்லை எண்ணெய் போகத் துடைத்து, இரண்டு பக்கமும் பூசுங்கள். கிரவுன் வீலை மரத்துண்டால் அணைத்து இழுவை கொடுத்துக்கொண்டே, ஸ்பானரால் இரு திசையிலும் சில சுற்று ஓட்டுங்கள். இழுவை இல்லாமல் வெறுமனே சுற்றினால் பல் அழுந்தாது, அடையாளம் மங்கலாக வரும்.

படிக்கும்போது முதலில் டிரைவ் பக்கம் (வண்டி முன்னே போகும்போது பளு தாங்கும் பக்கம்). களிம்பு பிதுங்கிப் போய் உலோகம் தெரிகிற முட்டை வடிவத் திட்டு, பல்லின் உயரத்தில் நடுவிலும், நீளத்தில் நடுவிலிருந்து சற்று உள்முனைப் பக்கமும் இருக்க வேண்டும். பளு ஏறும்போது அது வெளிமுனைப் பக்கம் நகர்ந்து நடுவுக்கு வந்துவிடும். திட்டு கிரவுன் வீல் பல்லின் உச்சியில் இருந்தால் பினியன் விலகி நிற்கிறது. ஷிம் (இடையில் வைக்கும் மெல்லிய தகடு) மாற்றிப் பினியனை உள்ளே கொண்டுவர வேண்டும். பல்லின் அடியில் இருந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது. உள்முனையில் ஒதுங்கினால் கிரவுன் வீலைத் தள்ளிப் பேக்லாஷைக் கூட்டுங்கள். வெளிமுனையில் ஒதுங்கினால் குறையுங்கள். ஷிம்மை மாற்றும் ஒவ்வொரு தடவையும் பேக்லாஷ் மாறும், டயல் கேஜ் வைத்து அதை மறுபடி செட் செய்துவிட்டுத்தான் அடுத்த பூச்சு. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதனால் நகர்ந்தது என்று தெரியாமல் போகும். பல்லின் உயரம் இரு முனையிலும் ஒன்றாக இருக்கும் செட்டுகளில் திட்டு நகரும் விதம் வேறு. அவற்றுக்கு அந்த வண்டியின் மேனுவலில் உள்ள படம்தான் கணக்கு.

கை, துணி, சேமிப்பு

எண்ணெய்ப் புளூவைத் துடைக்க முதலில் உலர்ந்த பனியன் துணி, பிறகு மண்ணெண்ணெய் அல்லது மினரல் டர்ப்பன்டைன். எடுத்த எடுப்பில் மண்ணெண்ணெயை ஊற்றினால் நீலம் கரைந்து போல்ட் துளை, எண்ணெய்க் காடி எல்லாம் பரவி, அடுத்த பதிப்பில் கசிந்து வரும். கைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்து, துணியால் துடைத்து, அதன் பிறகு சோப்பு. சட்டையில் பட்டதைச் சலவை சோடா போட்டு ஊறவைக்காதீர்கள். பிரஷ்யன் புளூ காரத்தில் சிதையும். நீலம் போய் துருக்கறை மாதிரிப் பழுப்பு தங்கிவிடும். எண்ணெய்ப் பசையை முதலில் டர்ப்பன்டைனால் எடுத்துவிட வேண்டும்.

சயனைடு என்ற பெயர் கேட்டுப் பயப்படுகிறவர்களுக்கு: பிரஷ்யன் புளூவில் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருக்கிறது. தாலியம், கதிரியக்க சீசியம் உடம்பில் சேர்ந்தவர்களுக்கு இதே பொருளை மருந்தாகவே கொடுக்கிறார்கள். கையில் படுவதால் ஆபத்தில்லை. ஆனால் புளூ பூசிய ஜாபை அப்படியே கேஸ் டார்ச் வைத்துச் சூடாக்குவதும், ஆசிட் தொட்டியில் போடுவதும் கூடாது; அப்போது நச்சுப் புகை வரலாம். துடைத்துவிட்டுச் செய்யுங்கள்.

ரோலரை மூடியுள்ள டப்பாவில், ரப்பர் எதையும் தொடாதபடி கைப்பிடியில் நிறுத்தி வையுங்கள். கீழே விழுந்த ரோலரைத் துடைத்துவிட்டு உருட்டுவதில் பயனில்லை. ரப்பரில் பதிந்த தூள் துணிக்கு வராது. மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, பிளேட்டில் இருக்கும் புளூவையும் முழுவதும் எடுத்துவிட்டுப் புதிதாக ஒரு மிளகளவு வைத்துத் தொடங்குங்கள்.